ஊருக்குப் போன இடத்தில் இம்பிளான்ட் கைக்குத் தட்டுப்படாவிட்டால்

பிரித்தானியாவில் கருத்தடை இம்பிளான்ட் (மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு மருந்துக் குச்சி) வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற பெண்களுக்கு அங்கே என்ன உதவி கிடைக்கும் என்று இந்த விடுமுறையில் விசாரித்தேன். நான் போன குடும்பத் திட்டமிடல் கிளினிக்கில் தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும் பொறுமையாக விளக்கம் தந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கைவந்தது ஜடெல்: இரண்டு குச்சி, ஒவ்வொன்றிலும் 75 மி.கி. லெவோநொர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன். எங்களுக்கு இங்கே வைப்பது நெக்ஸ்பிளானன்: ஒரே குச்சி, 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிப்பு, 68 மி.கி. எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற வேறொரு ஹோர்மோன். விபரம் தெரியாவிட்டால் இல்லாத இரண்டாவது குச்சியைத் தேட நேரும். எந்த மருந்து, எந்தக் கை, வைத்த திகதி எழுதிய அட்டையைக் கடவுச்சீட்டோடு வையுங்கள்.

குச்சி விரலுக்குத் தட்டுப்பட்டால் எடுப்பது சின்ன வேலை. முழங்கைப் பக்க முனைக்குக் கீழே 1% லிக்னோகேய்ன் விறைப்பு ஊசி 0.5 முதல் 1 மி.லீ., பிறகு 2 மி.மீ. கீறல். விறைப்பு ஊசியைக் குச்சிக்கு மேலே போட்டால் தோல் வீங்கிக் குச்சி மறைந்துவிடும். எடுத்ததும் 4 செ.மீ. முழுதாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

தட்டுப்படாவிட்டால், படம் எடுக்காமல் கையைக் கீற ஒருவரையும் விடாதீர்கள். மேற்கையின் இரு தசைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்தான் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. ஆழமாக வைத்த குச்சியைக் குருட்டாம்போக்கில் தோண்டினால் நரம்பு அறுபட்டு விரல்கள் மரத்துப்போகலாம். அரிதாக, நாளத்துக்குள் போன குச்சி இரத்தத்தோடு நுரையீரல் நாடி வரை போயிருக்கிறது. இதனால்தான் 2020இல் பிரித்தானியாவில் வைக்கும் இடத்தையே மாற்றினார்கள்: முழங்கையின் உட்பக்க எலும்பு முனையிலிருந்து 8–10 செ.மீ. மேலே, அந்தப் பள்ளத்திலிருந்து 3–5 செ.மீ. பின்னால். அதற்கு முன் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நெக்ஸ்பிளானனில் பேரியம் இருப்பதால் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். அதற்கு முன் வைத்த பழைய வகையான இம்பிளானன் எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் என்றால் 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட நேர்கோட்டு புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கருவி) இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். வயிற்றுக்குப் பாவிக்கும் புரோப் தோலடியைத் தெளிவாகக் காட்டாது. குறுக்காக வைத்துப் பார்க்கையில் குச்சியைவிட அதன் கீழே விழும் கரிய நிழல்தான் முதலில் கண்ணில் படும். தோளிலிருந்து முழங்கை வரை தேடியும் இல்லையென்றால் அடுத்தது நெஞ்சு எக்ஸ்ரே. மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ இல்லை என்பதற்காக அதைத் தவிர்க்காதீர்கள். அறிகுறியே இல்லாமல் நுரையீரலில் கிடந்த சம்பவங்கள் உண்டு. நாளாக நாளாகக் குழாயின் உட்சுவர் குச்சியை மூடி வளர்வதால் எடுப்பதும் கடினமாகும்.

குச்சி உடம்பில்தான் இருக்கிறது என்று உறுதியாகும்வரை ஆணுறை பாவியுங்கள். அது இருக்கும் இடம் தெரிந்து, வலியோ மரப்போ மூச்சுத் திணறலோ இல்லையென்றால் ஊரில் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை. எக்ஸ்ரே, ஸ்கான் படங்களைச் சீடியிலும் அறிக்கையை எழுத்திலும் கேட்டு வாங்குங்கள். இங்கே ஆழக் குச்சி எடுக்கும் நிலையத்துக்கு அனுப்பும்போது அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள்.