வீட்டை விற்கும் முன் புதுப்பிப்பதா, பழுது மட்டும் பார்ப்பதா?

வீட்டை விற்பது என்று முடிவானதும் எங்களுக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. சமையலறையையும் குளியலறையையும் இடித்துப் புதிதாகக் கட்டி, அதற்கேற்ற விலை கேட்பது ஒன்று. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு கசிவு, விரிசல், தரையில் உரசும் கதவு போன்றவற்றை மட்டும் சரிசெய்து விற்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

புதுப்பிப்பதிலும் நியாயம் இருக்கிறது. புதிய சமையலறை படத்தில் எடுப்பாகத் தெரியும், பார்க்க வருகிறவர்கள் கூடுவார்கள். கடன் போட்டு வாங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் வேலை பார்க்கக் கையில் பணம் மிஞ்சாது. அதனால் உடனே குடியேறக்கூடிய வீட்டுக்கு அவர்கள் கொஞ்சம் கூட்டித் தருவதும் உண்டு. ஆனால் நாம் தேர்ந்தெடுத்த டைல்ஸும் அலமாரி நிறமும் அவர்களுக்குப் பிடிக்க வேண்டுமே! சமையலறையைத் தன் உயரத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்ளவே பலரும் விரும்புகிறார்கள். அவர்கள் மாற்றப்போகிற ஒன்றுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?

எங்களை முடிவெடுக்க வைத்தது ஓதம்தான், அதாவது சுவரில் ஊறியிருந்த ஈரம்.

வீடு பார்க்க வருகிறவர்களைக் கவனித்தால் இது புரியும். கூடத்தை நின்று ரசிப்பவர்கள்கூட, கொஞ்ச நேரத்தில் கூரை மூலையை அண்ணாந்து பார்ப்பார்கள். தொட்டிக்கு அடியில் குனிவார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், அலமாரிக்குள் முகர்ந்து பார்ப்பார்கள். பின்னால் என்ன செலவு வரும் என்பதே அவர்கள் கவலை. சுவரில் ஒரு கறை தெரிந்துவிட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் தொகையை மட்டும் யாரும் கழிப்பதில்லை. உள்ளே இன்னும் என்ன இருக்கிறதோ என்ற பயத்துக்கும் சேர்த்தே குறைத்துக் கேட்பார்கள். பயன்படுத்திய கார்களை உதாரணமாக வைத்து 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கியது இதைத்தான்: விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் குறைந்த விலையே கிடைக்கும். 2001-ல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆகவே அந்தப் பயத்தைப் போக்கச் செலவழிக்கும் பணமே உருப்படியான பணம். கறை மேல் வண்ணம் பூசுவது இதில் சேராது. செங்கல் சுவரில் ஏறும் நீர், அதிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து காயும். உப்பு வெள்ளையாகப் பூத்து, புதுப் பூச்சையும் தள்ளிவிடும். சுவரின் நடுவே ஒரு திட்டு மட்டும் பளிச்சென்று இருந்தால், வருகிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

முதலில் நீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஈரமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறையின் காற்றிலிருந்து வந்தது, காற்றோட்டத்தைக் கூட்டிப் பார்க்கலாம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் பெரும்பாலும் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து, நீர் விடாமல் காத்திருந்தால், கீழே நிறம் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கசிவை அடைத்தவுடன் வண்ணம் பூச அவசரப்பட வேண்டாம். நனைந்த சுவர் ஒரு அங்குல கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. பருவமும் காற்றோட்டமும் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எனவே விற்கும் எண்ணம் வந்த உடனேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அப்புறம், சுவரை மூடுவதற்கு முன் மாற்றிய குழாயைப் படம் எடுத்து, ரசீதோடு வையுங்கள். வருகிறவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள். நாங்கள் அப்படிக் காட்டிய பிறகு பேச்சு பயத்திலிருந்து விலைக்கு நகர்ந்தது. பழைய சமையலறையைப் பற்றி அவர்கள் பேரம் பேசாமல் இல்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் குறை, அதற்கு ஒரு கணக்கு உண்டு.

மற்றபடி வெளிச்சம், சுத்தம், பாதிப் பொருள்களை அப்புறப்படுத்துவது எல்லாம் எந்த வழிக்கும் பொது.

நாங்கள் விற்றது தனி வீடு, கூரையும் குழாயும் எங்கள் பொறுப்பில் இருந்தன. அடுக்குமாடியில் கசிவு மேல் வீட்டிலிருந்து வந்தால், அந்த வீட்டுக்காரரும் சங்கமும் ஒத்துழைக்காமல் வேலை நடக்காது. அங்கே எங்கள் வழி எவ்வளவு தூரம் செல்லும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. கட்டடம் மிகப் பழையது, வருகிறவர்கள் எல்லோரும் இடித்துக் கட்டும் எண்ணத்தில் மனையின் அளவையே கேட்கிறார்கள் என்றால் இந்த இரண்டுமே வேண்டாம். அவர்களுக்குச் சுவரைவிட எல்லைக்கல் முக்கியம். பழுதுக்கு வைத்திருந்த பணத்தில் மனையை அளந்து வரைபடம் வாங்கி வைத்துவிட்டு, வீட்டை உள்ளபடியே காட்டலாம்.