ஒஸ்தாவா, அறுவை மருத்துவரா?

எங்கள் பரங்கிப்பேட்டையில் சுன்னத்து, அதாவது ஆண் பிள்ளையின் முன்தோலை நீக்குவது என்றால், வழக்கமாக அதைச் செய்யும் ஒஸ்தா வீட்டுக்கே வருவார். வாப்பாவுக்கும் எனக்கும் அப்படித்தான் நடந்தது. பழகிய கை, சில நிமிடத்தில் வேலை முடியும், செலவும் குறைவு. அந்த நெருக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் என் தம்பி மகனுக்கு வீட்டில் செய்த அன்று ராத்திரி ரத்தம் நிற்கவில்லை. வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. சிதம்பரத்துக்கு ஓடி ஒரு தையல் போட்ட பிறகுதான் நின்றது.

அதனால் என் மகனைப் புதுச்சேரியில் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். (அங்குள்ள ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.) கத்தி எடுப்பதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்தது. சிறுநீர்த் துவாரம் நுனியில்தான் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். கீழே தள்ளியிருந்தால் சுன்னத்து செய்யக்கூடாது. பிறகு அதைச் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்றும் கேட்டார். ஒஸ்தா எங்களிடம் இதையெல்லாம் கேட்டதே இல்லை. மரத்துப்போக மருந்தும் அங்கேதான் கிடைத்தது.

எனக்கு மருத்துவர்தான் சரி. ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு அடிக்கடி செய்பவரா, முழு மயக்கம் என்றால் மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, நடுராத்திரி ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள்.

மாலையும் பிரியாணியும் புண் ஆறிய பிறகு வைத்துக்கொண்டோம். பிள்ளை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.