தமிழ்ப் பொருளா, படமா, ஆங்கில விளக்கமா?

"காபி சாப்பிடறேன்னா ஈட்தானே அத்தை?" என்று கேட்டாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள். அவள் நோட்டில் 'ஈட் - சாப்பிடு' என்று இருந்தது. அவள்மேல் தப்பே இல்லை. நம் வீடுகளில் காபியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் காபிக்கு 'ட்ரிங்க்', மாத்திரைக்கு 'டேக்'. அன்றிலிருந்துதான் சொல் கற்றுக்கொடுக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

தமிழ்ப் பொருள் எழுதித் தருவது தவறு, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஹானஸ்ட்' என்ற சொல்லைப் படமாக வரைய முடியாது. ஆங்கிலத்தில் விளக்கினால் குழந்தைக்குத் தெரியாத சொல் இன்னும் இரண்டு வந்து சேரும். 'நேர்மையான' என்றால் அந்த நொடியே புரிகிறது.

சிக்கல் வருவது இரண்டு மொழிகளும் உலகத்தை வேறு வேறு இடத்தில் வெட்டும்போது. 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் நோட்டில் 'பார்' என்றே இருக்கும். 'ஹேண்ட்', 'ஆர்ம்' இரண்டும் கை. மறுபக்கம், அவர்களின் ஒரே 'ரைஸ்' நமக்கு நெல், அரிசி, சோறு. அவர்களின் ஒரே 'அங்கிள்' நமக்கு மாமா, சித்தப்பா, பெரியப்பா. 'பனி' இன்னும் கஷ்டம்: மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது 'ட்யூ', பாதையை மறைப்பது 'மிஸ்ட்', இமயமலையில் பெய்வது 'ஸ்னோ'. இப்படிப்பட்ட சொல்லுக்கு எதிரே ஒற்றைப் பொருள் எழுதினால் போதாது, ஒரு சின்னச் சூழலும் வேண்டும். பக்கத்து வீட்டில் நான் குடை கேட்டு வாங்கினால் 'பாரோ', அவர்கள் எனக்குக் கொடுத்தால் 'லெண்ட்'. 'கடன்' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டும் குழம்பியிருக்கும்.

படம், எழுத்துக் கூட்டத் தெரியாத வயதுக்கு நல்லது. ஆனால் கடையில் விற்கும் சார்ட்டைப் பாருங்கள்: இக்ளூ, யாக், சைலஃபோன். நம் குழந்தை இதில் எதைத் தினமும் பார்க்கிறது? பக்கெட், துடைப்பம், சோப்பு, சுவிட்சு போன்றவற்றுக்கு அதில் இடமே இருக்காது. அதைவிட வீட்டுப் பொருள்களின்மேல் சீட்டு எழுதி ஒட்டலாம். வினைச்சொல்லுக்குப் படம் சரிவராது. ஓடும் பையனின் படம் 'ரன்'னா, 'பாய்'யா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஓடிக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

இனி ஆங்கில விளக்கம். இதில் எல்லா அகராதியும் ஒன்றல்ல. மலிவான பாக்கெட் அகராதி ஒன்றில் 'கரேஜ்' தேடினேன், 'பிரேவரி' என்று இருந்தது. 'பிரேவ்' தேடினால் 'கரேஜ் உள்ள' என்று இருந்தது. இந்தச் சுற்றைத் தவிர்க்கும் வழி நெடுநாளாகவே உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிப்பதை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், 1935-ல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் ஓர் அகராதி கொண்டுவந்தார். அதில் எல்லா விளக்கமும் 1,490 சொற்களுக்குள் அடங்கும். 1978-ல் வந்த லாங்மேன் மாணவர் அகராதி, ஏறக்குறைய 2,000 சொற்களை வைத்து அதே வழியில் போனது. 1987-ல் கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ஆசிரியர் வாயால் சொல்வது போலவே இருக்கும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. வாங்குமுன் குழந்தையையே ஒரு சொல் தேடச் சொல்லுங்கள். விளக்கத்தில் இரண்டு சொல் புரியவில்லை என்றால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். சின்னக் கதையைத் தானே படிக்கும் ஆறாம் வகுப்பு வாக்கில் ஆரம்பிக்கலாம் என்பது என் கணக்கு.

எந்த வழியில் பொருள் சொன்னாலும் அது நினைவில் நிற்க வேண்டுமே. தினம் ஐந்து சொல் என்றால் 200 பள்ளி நாளில் ஆயிரம். ஆனால் டிக்டேஷன் முடிந்ததும் அந்தப் பக்கம் திரும்பப் புரட்டப்படுவதில்லை. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் தன் புத்தகத்தில் எழுதிய முறை இதைவிட மேல்: அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதிப் பெட்டியில் போட வேண்டும். செருப்பு வாங்கிய பெட்டியை மூன்று அறையாகத் தடுத்தேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரம் ஒருமுறை எடுக்கிறோம். செல்போன் ஆப்களும் இதையே செய்கின்றன. போனைக் கையில் கொடுக்காமலே முடிகிற வேலைக்குப் போன் எதற்கு?

இப்போது அவள் அட்டைகளில் 'ஈட்' என்றால் தோசை, 'ட்ரிங்க்' என்றால் காபி, 'டேக்' என்றால் மாத்திரை. அப்புறம் பனிக்கு மூன்று அட்டை எழுதினோம். 'ட்யூ'வும் 'மிஸ்ட்'டும் கடைசி அறைக்குப் போய்விட்டன. அவள் கண்ணால் பார்த்திராத 'ஸ்னோ' மட்டும் இன்னும் முதல் அறையில் இருக்கிறது.