46-ஆம் பல்லும் 22 மாத்திரைகளும்

கணக்குத் தணிக்கை என் பிழைப்பு, அதனால் எண்ணிக்கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதினான்கு மாதத்தில் மூன்று முறை ஒரே பல்லில் வீக்கம். மூன்று முறையும் அமாக்சிசிலின் 500 என்ற ஆன்டிபயாடிக், நாளைக்கு மூன்று, ஐந்து நாள். ஆக 45. விழுங்கியது 22. மீதி 23 மேஜை இழுப்பறையில், ஓரம் கிழிந்த அட்டைகளில். வலி நின்றால் மாத்திரையையும் நிறுத்திவிடும் ஆள் நான்.

பழைய கிளினிக்கில் போன் செய்தால் போதும், சீட்டு வந்துவிடும். முதல் தடவை மட்டும் வாயைத் திறக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அவர்களையும் கேட்கவில்லை, பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி நானே வாங்கிக்கொண்டேன். நான்காவது முறை கன்னம் உப்பியபோதுதான் வேறு இடம் பார்க்கலாம் என்று, இப்போது மதிப்புரை எழுதும் இந்தக் கிளினிக்குக்குப் போனேன். போனது மாத்திரைக்காகத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் குறை. கொடுத்த நேரத்துக்கு மேல் ஐம்பது நிமிடம் காக்க வைத்தார்கள். வீங்கிய கன்னத்தோடு ஐம்பது நிமிடம் என்பது சும்மா இல்லை. தாமதமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உள்ளே போனதும் டாக்டர் அவசரப்படவில்லை. காய்ச்சல் பார்த்தார். தாடைக்கு அடியில் விரலால் அழுத்திப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னார், நுழைந்தது. கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் பல்லை ஒரு தட்டு தட்டினார். நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். எக்ஸ்ரேயில் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், அவர்கள் கணக்கில் 46, அதன் வேர் நுனியில் பயறளவு கறுப்பு.

"ஆன்டிபயாடிக் வேண்டாம் மேடம். சீழை வெளியே எடுத்துட்டா போதும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து மாத்திரைகூட இல்லையா? அப்போது அவர் சொன்னதை யாராவது ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். பல்லுக்குள் இருந்த நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போய்விட்டன. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் எங்கும் போய்ச் சேரும். ரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? வேரைச் சுற்றிய வீக்கம் கொஞ்சம் தணியும், வலி குறையும், குணமாகிவிட்டது என்று நாம் நினைப்போம். உள்ளே கிருமிக் கூட்டம் அப்படியே இருக்கும், மறுபடி கிளம்பும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவருக்கு, பல்லையே சரிசெய்ய வழியிருந்தால், இந்த மாதிரி வலிக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல் வந்தால், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் கதை வேறு. அந்த மூன்று விரல் சோதனை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

மூன்று முறை மருந்து எடுத்தும் திரும்பி வந்ததால் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். எல்லோருக்கும் இது தேவையில்லையாம். நாளைக்கு எனக்கு நிஜமாகவே மருந்து வேண்டியிருந்தால் எது வேலை செய்யும் என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காக. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் துடைத்துக் காயவைத்து, எச்சில் கலக்காமல், சிரிஞ்சில் இழுத்தார். வந்தது அரை மில்லி இருந்தால் அதிகம், மஞ்சளும் சிவப்பும் கலந்து, நாற்றம் எனக்கே எட்டியது. உடனே சிரிஞ்சிலிருந்த காற்றை வெளியேற்றி ஒரு சின்னக் குப்பிக்குள் செலுத்தினார். இந்தக் கிருமிகளில் பல காற்றுப் பட்டாலே செத்துப்போகுமாம். அப்புறம் ஈறைக் கீறினார், பல்லையும் திறந்துவிட்டார். வலிக்கு இபுப்ரோஃபென் மட்டும். அன்று இரவு மூன்று நாளில் முதல்முறையாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது, வெறும் படமாக. புரியாத பெயர்கள், எதிரே எஸ், ஆர் என்று எழுத்துகள். "ரிப்போர்ட் வந்துடுச்சு, பார்த்துக்கங்க" என்று ரிசப்ஷன் குரல். என்னத்தைப் பார்ப்பது? இரண்டாவது குறை இது. நேரில் போய் நின்ற பிறகுதான் டாக்டர் விளக்கினார், ஆனால் விளக்கியது அருமை. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது.

என் சீழிலிருந்த கிருமியை லேபில் வளர்த்த தட்டின் படத்தைக் காட்டினார். கருஞ்சிவப்புத் தட்டு, நடுவில் வெள்ளைப் பட்டை. பட்டையின் ஒரு முனையில் மருந்து அடர்த்தி, மறு முனை போகப்போகக் குறைவு, ஓரத்தில் அளவுகோல் போல எண்கள். மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் பட்டையைச் சுற்றிக் கண்ணீர்த்துளி வடிவில் வெற்றிடம், ஒரு கிருமி இல்லை. அமாக்சிசிலின் பட்டையில்? மேல் முனைவரை ஒட்டி வளர்ந்திருந்தது, சுவரில் பாசி ஏறியது போல. அந்தக் கிருமியின் பெயர் பிரிவோடெல்லா. மருந்தை வெட்டிப்போடும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயம் உண்டு, நொதி இருந்தால் மஞ்சள் சிவப்பாக மாறும். என்னுடையது சிவந்துவிட்டதாம். கூடவே இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமிக்கு அமாக்சிசிலின் வேலை செய்கிறது. ஆனால் பிரிவோடெல்லா மருந்தை உடைத்துவிடுவதால் பக்கத்தில் இருப்பவையும் அதன் தயவில் தப்பிவிடும்.

நான் குற்றவாளி போல, "பாதியில் நிறுத்தினேன் டாக்டர், 23 மீதி வெச்சிருக்கேன்" என்றேன்.

"விழுங்காத 23-ஐ விடுங்க. நீங்க விழுங்கின 22-தான் எனக்குக் கவலை."

இது நான் எதிர்பார்க்காத பதில். தேவையான மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் பல்லுக்கு அந்த மருந்தே தேவையில்லை. அந்த 22-உம் பல்லுக்குள் போகவில்லை, வாய், தொண்டை, குடல் எங்கும் போயின. மருந்துக்கு அடங்கியவை செத்தன, அடங்காதவைக்கு இடம் கிடைத்தது. வாயில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் நெருக்கியடித்து வாழ்கின்றன, ஒன்று கற்ற வித்தையின் மரபணுவை மற்றொன்றுக்குக் கைமாற்றிவிடும். வாயில் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸிடமிருந்துதான் நிமோனியாக் கிருமி அமாக்சிசிலினின் மூத்த உறவான பென்சிலினை எதிர்க்கும் மரபணுத் துண்டுகளை வாங்கியிருக்கிறது. உலகில் எழுதப்படும் ஆன்டிபயாடிக்கில் பத்தில் ஒன்று பல் மருத்துவர்களுடையது என்று ஒரு மதிப்பீடு உண்டு. என்னைப் போல போனில் வாங்கியவர்கள் அதில் எத்தனை பேரோ.

"அப்போ இது என்னால் வந்ததா?" என்று கேட்டேன். இந்தத் தாள் அதைச் சொல்லாது, முன்பே இருந்திருக்கலாம் என்றார் நேர்மையாக. பிறகு நானே தேடிப் படித்தேன்: சுமார் ஆயிரம் ஆண்டு பழைய எலும்புக்கூடுகளின் பற்காரையில் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை ஒத்தவை இருந்ததை 2014-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பென்சிலினே 1928-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம்தான்.

வேர் சிகிச்சை மூன்று வருகையில் முடிந்தது, வலி இல்லை. குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பான் பல்லில் பழுப்புக் கறை விடும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, அதற்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். ஐந்துக்கு நான்கு.

கடைசி வருகைக்கு மீதி மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள், அழித்துவிடுவதற்காம். ரிசப்ஷனில் கொட்டி எண்ணினார்கள். 21. நான் எண்ணிவைத்தது 23, என் கணக்கு தவறாது. வீட்டுக்கு வந்து விசாரித்தேன். போன வாரம் கணவருக்குத் தொண்டை கரகரத்ததாம்.