'ஒரே நாளில் நிலையான பல்' என்ற பலகையை நம்பி ஏமாந்த கதை

யாழ்ப்பாண நகரை அண்டிய பிரதான வீதியொன்றில், 'ஒரே நாளில் நிலையான பல்' என்று எழுதியிருந்த பலகையை நம்பிப் படியேறிய நான், ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களோடு உள்ளே போய், ஐந்து மாதங்களுக்குள் நான்கு பற்களை இழந்தேன். அவற்றில் இரண்டு, எந்த நோவும் இல்லாமல் உறுதியாக நின்றவை. இதே மாதிரியான பலகைகள் வேறு சந்திகளிலும் தொங்குவதைக் காண்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் இடத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பல் தீட்டித் துப்பும்போது நுரையில் இளஞ்சிவப்பு நிறம் ஐந்தாறு வருடங்களாகத் தெரிந்துகொண்டிருந்தது. தூரிகைதான் கரடு என்று எண்ணி மெல்லிய தூரிகைக்கு மாறினேன். அதன் பிறகும் இரத்தம் வந்தபோது, வருகிற பக்கத்தைத் தொடாமல் விட்டுத் தீட்டினேன். தொடாமல் விட்ட பக்கத்தில் அழுக்குப் படலம் தடித்து, உமிழ்நீரிலுள்ள கனியுப்புகளால் காரையாக இறுகி, முரசை, அதாவது பல்லீறை, இன்னும் வீங்கச் செய்யும் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்நீர், அதனால்தான் பல்லில் காரை பிடிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். கேத்தலின் அடியில் கல் படிவதைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். ஆனால் பற்காரைக்கு வேண்டிய சுண்ணாம்பு நம்முடைய உமிழ்நீரிலேயே இருக்கிறது.

காரையை எடுத்தால் பல் ஆடத் தொடங்கும் என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் இன்னொரு நம்பிக்கை. உண்மையில் உள்ளே எலும்பு முன்பே கரைந்திருக்கும்; பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் காரை அதை மறைத்துக்கொண்டிருக்கும்; காரை போனதும் ஆட்டம் வெளியே தெரியும். பழி மட்டும் சுத்தம் செய்த வைத்தியருக்கு வந்து சேரும். இந்த நம்பிக்கையால் நான் இலவசமாகக் கிடைக்கும் அரச பற்சிகிச்சைப் பிரிவின் பக்கமே போகவில்லை. பதினொரு வருடமாகச் சலரோகம் (நீரிழிவு) வேறு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் வேகமாக முற்றும் என்பதும், முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதே கடினம் என்பதும் பிந்தித்தான் தெரிந்தது.

நான் எங்கள் கோயிலில் புராணபடனத்துக்குப் பயன் சொல்பவன், அதாவது புராணப் பாடல்களை ஒருவர் படிக்க, அவற்றின் பொருளை விளக்குபவன். முன்பல் ஆடத் தொடங்கியபின் 'த' என்ற எழுத்தில் காற்றுப் பிசகியது. புராணப் படிப்புத் தொடங்க மூன்று கிழமைகளே இருந்தன. இந்த அவசரந்தான் என்னை அந்தப் படியில் ஏற்றியது.

உள்ளே வெள்ளை மேலங்கியும், சாய்வு நாற்காலியும், சுவரில் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றும் இருந்தன. சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவன் அதை வாசிக்கவில்லை. "ஐயா, பயப்படாதையுங்கோ, இரண்டு மணித்தியாலத்திலை புதுப் பல்லோடை வீட்டை போகலாம்" என்றார் அந்த மனிதர். எக்ஸ்ரே எடுக்கவில்லை. சலரோகம் இருக்கிறதா, என்ன மருந்து குடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறைப்பு ஊசி போட்டு இரண்டு பற்களையும் பிடுங்கினார். இரத்தம் முழுதாக நிற்பதற்குள், ஒரு சின்னக் கிண்ணத்தில் தூளையும் திரவத்தையும் குழைத்தார். நகப்பூச்சுப் போத்தலைத் திறந்ததுபோன்ற நெடி அறை முழுக்கப் பரவியது. ஆயத்தமாக இருந்த இரண்டு செயற்கைப் பற்களை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டி, அந்த இளஞ்சிவப்பு மாவை முரசின் மேலும் பற்களின் பின்புறமும் அப்பினார். அது இறுகும்போது சூடேறியதை விறைப்புக்குள்ளும் உணர்ந்தேன். 38,000 ரூபாயைக் காசாக வாங்கிக்கொண்டு, தொலைபேசி இலக்கம் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தந்தார். பற்றுச்சீட்டு இல்லை.

படிப்பு முடியும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை, 'த' கூடத் திருத்தமாக வந்தது. இரண்டாம் மாதம் வாயில் கெட்ட வாடை தொடங்கியது. அந்தத் துண்டுக்கும் முரசுக்கும் இடையே தூரிகையோ நூலோ நுழைய வழியில்லை; சாப்பிட்டது உள்ளே தங்கி அழுகியது. தொலைபேசியில் கேட்டபோது, முரசு இறுகினால் சரிவரும் என்றார். நேரில் போனபோது பெயர் ஒட்டாத பையில் சில குளிசைகளைத் தந்தார். மூன்றாம் முறை, சலரோகக்காரருக்கு இப்படித்தான் ஆகும் என்று என்மேலேயே திருப்பினார். அதன்பின் தொலைபேசி எடுக்கப்படவில்லை.

முகம் வீங்கிய பிறகே அரச வைத்தியசாலைக்குப் போனேன். விடிய ஆறு மணிக்குப் போய் இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்த பெண் வைத்தியர் என்னை அவசரப்படுத்தவில்லை. நுனியில் அளவுக்கோடுகள் உள்ள மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி, உதவியாளருக்கு எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். நல்ல முரசில் அந்த ஆழம் 3 மில்லிமீற்றருக்கு மேல் போகாதாம். எனக்கு 5, 6 என்று வந்து, கம்பி கட்டிய இரண்டு பற்களில் 8 ஆனது. இழுவிசையும், அடைபட்ட அழுக்குமாக அவற்றின் எலும்பு கரைந்துவிட்டிருந்தது. அவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. முரசு இரத்தம் கசிந்த முதல் வருடத்தில் வந்திருந்தால் சுத்தம் செய்வதோடு ஆறியிருக்கும் என்றும், எலும்பு கரைந்த பின்னர் நோயை நிறுத்தத்தான் முடியும், போன எலும்பைப் பழையபடி கொண்டுவர முடியாது என்றும் அவர் சொன்னார்.

முறையான நிலையான பல்லுக்குப் பக்கத்துப் பற்களைச் செதுக்கி, அச்செடுத்து, ஆய்வுகூடத்தில் செய்வித்து ஒட்ட வேண்டும். வழக்கமாக இது ஒரு நாளில் முடியாது. பல் பிடுங்கினால் புண் ஆறவும் காலம் வேண்டும். முறையாகப் பொருத்திய பல்லின் அடியில் சுத்தம் செய்ய இடைவெளியும் விடப்பட்டிருக்கும். வாய்க்குள்ளேயே குழைத்து அப்பி இறுக விடுகிற எதுவும் நிலையான பல் அல்ல. பற்களை வார்க்கும் தொழிலைப் பழகியவர் வேறு, வாய்க்குள் கைவைக்க உரிமை பெற்ற பல் வைத்தியர் வேறு. இலங்கையில் பல் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரைக் கேட்டு அந்தப் பதிவேட்டை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். தனியார் நிலையமும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டால் முகம் கறுக்கிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

இப்போது கழற்றி மாட்டும் பல் போட்டிருக்கிறேன். இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் வைக்கிறேன். மிச்சப் பற்களைக் காலையும் படுக்கப் போகுமுன்னும் புளோரைட்டுப் பற்பசையால், முரசோரத்தில் தூரிகையைச் சரித்துப் பிடித்து, இரண்டு நிமிடம் தீட்டுகிறேன். பல்லிடைகளைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்கிறேன். கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நுரையில் சிவப்புத் தெரிவது இரண்டே கிழமையில் நின்றது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பொலிஸிலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு இல்லாததால் காசு திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இப்படியொரு துண்டு உங்கள் வாயில் இருந்தால் குறட்டால் இழுத்துக் கழற்ற முயல வேண்டாம், பக்கத்துப் பல்லும் சேர்ந்து வந்துவிடும். வைத்தியரிடம் போய்க் கழற்றிவித்து, துண்டைக் கேட்டு வாங்கிக் கம்பியோடு பத்திரப்படுத்துங்கள். என்னுடையது கழுவிய யோகட் கோப்பை ஒன்றில், திகதி எழுதி ஒட்டியபடி, விசாரணைக்காக அலுமாரியில் இருக்கிறது.