ஜிம் டோனிக்: காற்றழுத்த இயந்திரங்களில் இரண்டு ஆண்டுகள்

சிங்கப்பூரில் மூத்தோருக்காக நடக்கும் வலுப்பயிற்சித் திட்டம் இது. எனக்கு 69 வயது, இரு முழங்காலிலும் தேய்மானம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாரம் இருமுறை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து நிலையத்துக்குப் போகிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இயந்திரங்கள் பின்லாந்தில் செய்தவை. இரும்புத் தட்டு கிடையாது, காற்றழுத்தம்தான் எடை. கிட்டத்தட்ட எடையே இல்லாமல் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டலாம். அட்டையைக் காட்டினால் அவரவர் அளவை இயந்திரமே வைத்துக்கொள்ளும். மூட்டு வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

காலால் உந்தும் இயந்திரம்தான் எனக்கு அதிகம் உதவியது. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரத்தை அது பங்குபோட்டுக்கொள்கிறது. முதல் மாதம் தொடை கடுத்ததுதான் மிச்சம். மூன்றாவது மாதவாக்கில் பேருந்து இருக்கையிலிருந்து கம்பியைப் பிடிக்காமல் எழுந்தேன். நீங்களும் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது, முதுமையில் தசை தேய்வது பற்றி 2019இல் வந்த ஆசிய வழிகாட்டுதல். முன்பெல்லாம் எனக்கு அதைவிடக் கூடுதலாகும், இப்போது பத்துக்குள் முடிகிறது.

“தினமும் நடக்கிறேனே, போதாதா?” என்று பல அக்காமார் கேட்கிறார்கள். நடை இதயத்துக்கு மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் தசைக்குப் பாரம் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் உட்கார்ந்தே செய்வதால் சமநிலை தானாக வராது. அதற்கு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். எங்கள் நிலையத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான். தமிழ் மட்டும் தெரிந்த மூத்தோர் தயங்கித் திரும்பிவிடுவது மனத்தை வருத்துகிறது. ஊருக்குப் போய்த் தங்கினால் வலுவும் இறங்கிவிடுகிறது, திரும்பி வந்து அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டையும் பாருங்கள். நம் வயதில் ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். ரசமும் சோறும் மட்டும் அதைத் தராது. முட்டை, மீன், பருப்பு, தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி) என்று ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை தட்டில் இருக்கட்டும்.

இதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேருங்கள். எடையைத் தள்ளும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.