புது ஆற்றில் ஒன்பது, வடுவூரில் மூன்று: ஒரு டிரெயில் ஷூவின் ஏழு மாதம்

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மூன்றாம் நாள் ஓட ஆரம்பித்தவன். முதல் ஒரு வருஷம் அரித்ராநதி தெப்பக்குளத்தையே சுற்றினேன். 23 ஏக்கர் குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். எட்டுச் சுற்று ஓடினால் டீக்கடைக்காரர் எட்டுத் தடவையும் அதே சிரிப்பைச் சிரிப்பார். அது பொறுக்காமல்தான் ஏரிக்கரை, ஆற்றங்கரை, தேக்குத்தோப்பு என்று மண் பாதைக்கு மாறினேன். அதற்காகப் போன ஆகஸ்டில் ஆன்லைனில் 6,799 ரூபாய்க்கு வாங்கியது இந்த ஷூ.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்கும் அவர்களுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, கீழே வரும்.

அட்டைப் பெட்டியில் ஒருவர் பாறைக்குப் பாறை தாவி ஓடையைக் கடக்கிற படம். எங்கள் ஊரில் இருக்கிற பெரிய ஏற்றம் மதகு மேடு. சரி, படத்தை விடுவோம். அடியில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் பற்கள், நெருக்கமாக. முன்பாதத்துக்குக் கீழே கல் குத்தாமலிருக்க ஒரு தகடு. மேலே வலைத்துணி. எட்டாம் நம்பர் ஷூ ஒன்று 300 கிராம். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு நம்பர் கூட எடுங்கள்; பாதி வழியில் கால் வீங்கும், விரல் முட்டும்.

என் தீர்ப்பு: புது ஆற்றங்கரையில் பத்துக்கு ஒன்பது, மழைக்கால வடுவூரில் பத்துக்கு மூன்று. ஷூவும் ஒன்று, காலும் ஒன்று. உரக்கடைக்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விவசாயிகள் கொண்டுவரும் மண்வள அட்டையைப் பார்த்தாலே தெரியும். எங்கள் பக்கம் பழைய டெல்டா. காவிரியும் வெண்ணாறும் கொண்டுவந்து கொட்டிய களி. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதி மூடிக்கொள்ளும். ஒரத்தநாடு பக்கம் புது டெல்டா. மேட்டூர் அணையோடு சேர்த்து 1930களில் வெட்டிய கல்லணைக் கால்வாய், அதாவது எங்கள் பேச்சில் புது ஆறு, பாய்கிற பூமி. அங்கே செம்மண்ணும் மணலும் கலந்திருக்கும். பெய்த மழை அரை மணியில் உள்ளே இறங்கிவிடும். ஷூ வாங்குகிற யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

புது ஆற்றங்கரையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷம் ஜனவரி 28 வரைக்கும் ஓடும். அந்த மாதங்களில் ஒரு கையில் ஆறு, இன்னொரு கையில் தேக்கு, நடுவே செம்மண் தடம். சில இடங்களில் கரைக்கு கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அங்கே பற்கள் லாடம் மாதிரி டக் டக் என்று அடிக்கும், ஓரமாக மண்ணில் இறங்கிவிடுங்கள். மாசி பிறந்தால் தேக்கு இலை கொட்டிக் கிடக்கும். மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், அடியில் எலி வளை எங்கே என்று தெரியாது. இரண்டு முறை கணுக்கால் பிரண்டது. இரண்டு முறையும் ஷூ வழுக்கவில்லை, நான்தான் வேடிக்கை பார்த்தேன். இந்தப் பாதைக்கு இதைவிட நல்ல ஷூ வேண்டியதில்லை.

இனி வடுவூர். 128 ஹெக்டேர் ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சரில் சேர்ந்தது. கோடையில் காய்ந்து கிடக்கும். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து, அப்புறம் ஐப்பசி மழையும் சேர்ந்தால் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் இடுப்பளவு முழுகிவிடும். கார்த்திகையில் மரத்துக்கு மரம் நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும். பறவைகள் தங்கியிருக்கும் கரையில் நான் ஓடுவதில்லை, நடப்பேன். ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டு எட்டுக் கிலோமீட்டர் கணக்கு எழுதுவதில் என்ன பெருமை? ஓட்டமெல்லாம் வயல் பக்கத்து வண்டிப்பாதையிலும் வரப்பிலும்தான். வெயில் காலத்தில் அந்தப் பாதை கட்டாந்தரை. எந்த ஷூவும் ஓடும்.

மழை பெய்த மறுநாள்தான் சோதனை. முதல் பத்து அடியில் ஒன்றும் தெரியாது. இருபதாவது அடியில் பற்களின் இடுக்கெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ரப்பர் தரையைத் தொடுவதே இல்லை, களிதான் களியை மிதிக்கிறது. வைக்கோல் துரும்பும் சேர்ந்துகொண்டால் செங்கல் அறுக்கக் குழைத்த மண்தான். நூறு அடியில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன். ஒருநாள் அப்படியே கடைக்கு எடுத்து வந்து நுண்ணூட்டம் நிறுக்கிற தராசில் வைத்தேன்: வலது கால் மட்டும் 740 கிராம். தட்டினாலும் விழாது; குச்சியால் ஒவ்வொரு இடுக்காகக் குடைய வேண்டும்.

ஐப்பசியில் குறுவை அறுத்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதக் கழட்டிக் கையில வச்சுக்கங்க தம்பி. கட்டவெரல ஊணி நடங்க, வழுக்காது" என்றார். கழற்றினேன். வழுக்கவில்லை. அவர் வாத்துகளோடு எனக்கு முன்னாலேயே கரை ஏறிவிட்டார்.

களிமண் பக்கத்துக்காரர்கள் வாங்கினால் பற்கள் தள்ளித் தள்ளி இருக்கிற ஷூவாகப் பாருங்கள். பல் எத்தனை உயரம் என்பதைவிட இடைவெளிதான் முக்கியம். இடைவெளி தாராளமாக இருந்தால் களி சுலபமாக உதிரும். ஆனால் தொடர்மழையில் எந்த ஷூவும் ஜெயிக்காது. அன்றைக்கு மறுபடி தெப்பக்குளம், டீக்கடைக்காரர்.

கல்லுக்காக வைத்த தகடு எங்களுக்கு முள்ளுக்கு உதவுகிறது. கருவேல முள்ளை முன்பாதத்தில் எத்தனையோ முறை மிதித்திருக்கிறேன், நுனி ஒடிந்ததே தவிர உள்ளே வரவில்லை. குதிகாலில் தகடு இல்லை. மார்கழிப் பனியில் பாதை தெரியாமல் ஒரு முள் அங்கே ஏறியது. ஷூவைக் கழற்ற முடியாமல் காலோடு சேர்த்துத் தைத்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று பிடுங்கினேன். நாயுருவி விதை வலைத்துணியில் ஒட்டிக்கொள்வது தனிக் கதை. வீட்டில் திட்டு வாங்குவதற்கு அது போதும்.

நனைந்தால் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. காய்வதுதான் தாமதம். கார்த்திகையில் பழைய பேப்பரை உருண்டையாக்கித் திணித்து, இரண்டு முறை மாற்றி, ஃபேனடியில் வைத்தால் மறுநாள் மாலைக்குத் தயார்.

வீராணத்துக்கும் ஒரு ஞாயிறு போனேன். சோழர் காலத்து ஏரி, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஆனால் கரை மேலேயே தார்ச்சாலை. பஸ்ஸும் லாரியும் போகிற இடத்தில் மண் பாதை ஷூவுக்கு வேலை இல்லை, பல்தான் தேயும். முத்துப்பேட்டை அலையாத்திக்காடு அழகுதான், அது படகில் போகிற காடு.

இப்போது அந்த வழக்கு. ஐந்தாம் மாதம் வலது ஷூ நுனியில் வாயைப் பிளந்தது. அப்போது 400 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தேன். படம் எடுத்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில்: தண்ணீரில் நனைந்த ஷூவுக்கு உத்தரவாதம் கிடையாதாம். பெட்டிமேல் ஓடையைத் தாண்டுகிறவரையும் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன். ஒட்டச் சொன்னதற்கு, "ஒட்டுனா நிக்காது சார், தச்சுருவோம்" என்று நைலான் நூலில் சுற்றித் தைத்தார். 120 ரூபாய். அதற்குப் பிறகு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டேன், ஒரு தையல் விடவில்லை. புதிதாக வாங்கினால் முதல் நாளே இடதையும் வலதையும் அவரிடம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.

நேற்றுக் கழுவிக் கடை வாசலில் வெயிலுக்கு வைத்திருந்தேன். யூரியா வாங்க வந்தவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மருந்தடிக்கப் போடுறதா அண்ணே, என்ன வெல?" சொன்னேன். ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய். அவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "அஞ்சு மூட்ட டிஏபியக் கால்ல மாட்டிக்கிட்டா ஓடுறீங்க?" என்று கேட்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்.